பத்தியில் உள்ளபடி

கலைச்செல்வி சிவப்பு மையால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டபோது, தவறு செய்கிறோம் என்ற எண்ணம் அவளுக்குத் துளிகூட இல்லை. ஏழாம் வகுப்பு பி பிரிவின் முப்பத்தொரு தாள்களும் ஆசிரியர் அறை மேசையில் கிடந்தன. மூன்றாவது கேள்விக்கு முப்பது பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே விடையை எழுதியிருந்தார்கள். ஸ்நேகா என்ற ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்.

கேள்வி இதுதான்: மூன்றாம் நாள் காலையில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுடலைக்கண்ணு என்ன செய்தார்? கலைச்செல்வியே தயாரித்த விடைக்குறிப்பில், ‘தம் நண்பருடன் பகிர்ந்து குடித்தார்’ என்று இருந்தது. ஸ்நேகா எழுதியிருந்தது: ‘அவரே குடித்துவிட்டார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.’

பத்தியைப் படிக்காமலே எழுதியிருக்கிறாள் என்றுதான் கலைச்செல்விக்குத் தோன்றியது. பத்தியில் அப்பா என்று யாருமே வரவில்லையே. அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ‘யார் அப்பா?’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, ‘பத்தியில் உள்ளபடி மட்டும் விடை எழுதவும்’ என்று எழுதி ஒரு கோடு இழுத்து, பூஜ்யம் போட்டாள். பள்ளி வழக்கப்படி ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று முத்திரை குத்தி, அன்று மாலையே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். அது திங்கட்கிழமை.

மலையாள நகரம் ஒன்றின் நடுவிலிருந்த அந்தத் தமிழ்வழிப் பள்ளியில் அவள் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. தினக்கூலி வேலை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்கி, வேறு யாராவது நிரந்தரமாக வரும்வரை ஓடும். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். எம்.ஏ., பி.எட். முடித்து, இரண்டு வருடம் கழக்கூட்டத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள். அவளுடைய அப்பா அதே கழக்கூட்டத்தில் ஒரு ஹோட்டலில் சப்ளையர். முதல் நாள் ஆசிரியர் அறையில் அப்பா என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டார். ஹோட்டல் என்றாள். சொந்த ஹோட்டலா என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் தலையசைத்தாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படியான தலையசைப்பு. அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை.

தலைமையாசிரியை சுப்புலக்ஷ்மி கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து வருபவர். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். பத்தொன்பதாம் தேதி வரும் வாசிப்பு தினத்துக்காக, ஏழாம் வகுப்புக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் வினாத்தாள் ஒன்றைத் தயாரிக்கும்படி அவர்தான் கலைச்செல்வியிடம் சொன்னார். பாடப் புத்தகத்திலிருந்து வேண்டாம், நம்ம ஊரில் இருக்கிற மனுஷர் எழுதியதாக இருக்கட்டும் என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருக்கும் கல்யாணராமன் தம் செலவில் அச்சடித்துக் கொடுத்தது. எழுதியவர் அவருடைய கடையில் சரக்கு நிறுக்கும் சுடலைக்கண்ணு. முப்பத்தாறு பக்கம். அட்டையில் ஒரு தோணியின் படம், கொஞ்சம் கோணலாக.

வினாத்தாள் நன்றாக வந்தால் மாவட்டத்தில் உள்ள மற்றத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம், பொன்முடிப் பக்கம் எஸ்டேட் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்குக்கூடப் போகும் என்றார் தலைமையாசிரியை. வாசிப்பு தினத்தன்று சுடலைக்கண்ணுவையே மேடைக்கு அழைத்து, அவர் முன்னால் அந்தப் பத்தியை வாசித்து, பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கலைச்செல்வி அந்தப் புத்தகத்தைப் பேருந்தில் போகும்போதே படித்து முடித்தாள். தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் அவ்வளவு நெரிசல்.

சுடலைக்கண்ணு தூத்துக்குடியில் தோணியில் பண்டாரியாக இருந்தவர். பண்டாரி என்றால் தோணியில் சோறு பொங்குகிறவர். பதின்மூன்று வருடங்களுக்கு முன், வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி, கன்னியாகுமரியைத் தாண்டி இரண்டாம் நாள் பலகை விட்டுத் தண்ணீர் ஏறி முங்கியது. ஏழு பேரில் ஐந்து பேர் சிறு படகில் ஏறிக்கொண்டார்கள். அவர்களை மறுநாளே ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டது. சுடலைக்கண்ணுவும் இசக்கி என்ற இளைஞனும் படகுக்கு எட்டாத தூரத்தில் சரக்கறை மூடிப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அவர்களிடம் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு சுடலைக்கண்ணுவை மட்டும் தூக்கி விழிஞ்ஞத்தில் இறக்கியது. பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை. ஆரியசாலையில் மூட்டை தைக்கவும் சரக்கு நிறுக்கவும் நின்றுவிட்டார்.

இவ்வளவும் கலைச்செல்விக்குப் பிடித்திருந்தது. பத்தொன்பதாம் பக்கம்தான் உறுத்தியது. அதில் இப்படி இருந்தது:

‘மூணாவது நாள் வெளுக்கும்போது இசக்கி பலகைமேல் தலைவைத்துத் தூங்கினான். புட்டியில் இரண்டு வாய் தண்ணி கிடந்தது. நான் குடித்தேன். இரண்டு வாயும் நானே குடித்தேன். வெறும் புட்டியைக் கடலில் விட்டேன். அவன் எழும்பித் தண்ணி கேட்டான். புட்டியை அலை கொண்டுபோயிற்று என்று சொன்னேன். நம்பினான். போனால் போகட்டும் அண்ணே, நீங்க வருத்தப்படாதீங்க என்றான். மத்தியானம் கடல் தண்ணியை அள்ளிக் குடிக்க ஆரம்பித்தான். படகு வருவதற்கு முன்னால் கை விட்டுவிட்டான். அந்த இரண்டு வாய் இருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. விழிஞ்ஞத்தில் டாக்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.’

இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது? வினாத்தாளில் கடைசிக் கேள்வியாக, ‘இப்பத்தி உணர்த்தும் நற்பண்பு யாது?’ என்று ஒன்று வைத்தாக வேண்டும். இதில் என்ன நற்பண்பு இருக்கிறது? அதிகம் படிக்காத மனிதர், வேதனையில், எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல் எழுதிவிட்டார் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவருக்கும் இது ஒரு மரியாதைதான் என்றுகூட நினைத்தாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினாள்:

‘மூன்றாம் நாள் விடிந்தது. புட்டியில் இரண்டு மிடறு தண்ணீரே எஞ்சியிருந்தது. உறங்கிக்கொண்டிருந்த தம் நண்பரைச் சுடலைக்கண்ணு அன்போடு எழுப்பினார். இருவரும் ஆளுக்கு ஒரு மிடறு பகிர்ந்து குடித்தனர். அன்று மாலை வந்த மீன்பிடிப் படகு சுடலைக்கண்ணுவைக் காப்பாற்றியது.’

எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். வேலை முடித்து வந்து காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், நல்ல மனுசன் என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. நண்பர் என்ன ஆனார் என்று அப்பா கேட்கவில்லை. அவளும் அதை யோசிக்கவில்லை. பத்தியின் அடியில், ‘சுடலைக்கண்ணு எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து’ என்று மட்டும் போட்டாள்.

புதன்கிழமை காலை தாள்கள் கையெழுத்தோடு திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவள், ஸ்நேகாவின் தாளில் நின்றாள். ‘யார் அப்பா?’ என்று அவள் சிவப்பு மையில் எழுதியிருந்ததை அந்தப் பெண் இன்னொரு கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே நீல மையில், கோடு போட்டு, ஒழுங்காக விடை எழுதியிருந்தாள்:

‘என் அப்பா. தோணியில் போனவர். பெயர் இசக்கி.’

அடியில், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதிய ஒரு பெயர்: உலகம்மாள்.

கலைச்செல்வி வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். இங்கே எல்லாப் பெயருக்கும் பின்னால்தான் ஆங்கில எழுத்தில் இனிஷியல் போடுவார்கள். ஸ்நேகா ஐ. தினமும் இரண்டு வேளை கூப்பிட்ட பெயர். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பான் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. விடைக்குறிப்பை மட்டுமே பார்த்துத் திருத்திய வேகத்தில், அவள் விடை பத்தொன்பதாம் பக்கத்தோடு ஒத்துப்போனதுகூட உறைத்திருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் ஏதும் இல்லை. டீச்சர் கேட்டார், அவள் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் கலைச்செல்விக்குத் தாங்கவில்லை. அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்வது? உன் அப்பா எப்படிச் செத்தார் என்பதை நான்தான் வெட்டி எடுத்துவிட்டு, அது உனக்குத் தெரிந்திருந்ததற்காக உனக்கு முட்டை போட்டேன் என்றா? பாடப் புத்தகத்தைத் திறந்து, எல்லோரும் பதினான்காம் பக்கத்தை எடுங்கள் என்றாள்.

பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்கு நடந்தாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மிளகாயும் மல்லியும் ஈரச் சாக்குமாக மணந்த சந்தில், கல்யாணராமன் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. கடை முன்னால் ஒரு பெரிய தண்ணீர் டிரம். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய, ரோஜா நிறத் தண்ணீர். நீலச் சட்டை போட்ட, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேர் அதன் பக்கத்தில் நின்றிருந்தார்கள். தராசுக்குப் பின்னால் இருந்தவர்தான் சுடலைக்கண்ணு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு. தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் அவள் சொன்னதும் எழுந்துவிட்டார்.

அவர் முதலில் செய்தது, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவள் கையில் கொடுத்ததுதான். தனக்கும் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவரும் நின்றார்.

சுமட்டுத் தொழிலாளி ஒருவர் சிரித்தார். “குடிச்சிருங்க டீச்சரே. எதிர்ல நிக்கிற ஆளு குடிக்காம அண்ணாச்சி ஒரு சொட்டு வாயில விட மாட்டாரு. ஆள் வராத நாளுல நாங்க வந்து குடிச்சுக் குடுக்கணும், கேட்டோ. அதுக்குத் தனிக் கூலி உண்டு.”

போ லே, வேலையப் பாத்துக்கிட்டு என்று சுடலைக்கண்ணு அவரை விரட்டினார். கலைச்செல்வி குடித்தாள். அதற்குப் பிறகு அவர் குடித்தார். புத்தகத்தில் இது எங்கும் இல்லை.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவர் தராசுத் தட்டின்மேல் விரித்தார். வினாத்தாள்தான். அழைப்பிதழோடு தலைமையாசிரியை அனுப்பியிருந்தார்.

“நல்ல தமிழுல எழுதியிருக்கிய டீச்சரே,” என்றார். “அன்போடு எழுப்பினார்னு போட்டிருக்கியளே, அத நாலஞ்சு தடவ வாசிச்சேன். வாசிக்க வாசிக்க, நான் எழுப்பின மாதிரியும் அவன் கண்ணத் தொறந்த மாதிரியும் தோணிட்டு. நல்லா இருந்திச்சு. அப்புறம்தான் பயந்துட்டேன்.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவர் கேட்காதபோதே சொன்னாள். “நீங்க எழுதத் தெரியாம எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்.”

“எழுதத் தெரியாதுதான்,” என்றார் அவர். “அந்த ஒரு பக்கத்த மட்டும் பதினோரு தடவ எழுதினேன்.”

கலைச்செல்வி பேருந்தில் ஒரே மூச்சில் படித்து முடித்ததை நினைத்துக்கொண்டாள். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தராசைப் பார்த்தாள்.

பிறகு அவர் சொன்னதுதான் அவளை உட்காரவைத்தது. இசக்கியைத் தேடிக்கொண்டு உலகம்மாள் விழிஞ்ஞத்துக்கு வந்தபோது நிறைமாதம். அவளிடமும் அவர் முதலில் புட்டி அலையில் போன கதையைத்தான் சொன்னார். குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து, சாலைக் கடைத்தெருவில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹோட்டலுக்குப் பின்னால் போய் நின்று, நடந்ததைச் சொன்னார். அவள் கத்தவில்லை. நீங்க போங்க என்றாள். பன்னிரண்டு வருடமாக அவள் அவரோடு பேசியதில்லை. ஆனால் பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், ஒன்றையும் மறைக்காமல். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். வழியில் பார்த்தால் பிள்ளை மாமா என்று கூப்பிடும்.

“நேத்து உலகம்மா இங்க வந்தா,” என்றார் சுடலைக்கண்ணு. “பன்னெண்டு வருசத்துல மொத தடவ. பிள்ளையோட தாள இந்தச் சாக்குமேல வச்சா. அடியில என் பேரு இருக்குல்லா, அதக் காட்டி, ‘ஊருக்கு இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கீங்களா’ன்னு கேட்டா. நான் எழுதல்லன்னு சொன்னேன். நம்பினாளோ இல்லியோ. நான் சொன்னா அவ எதுக்கு நம்பணும்?”

உண்மையைச் சொன்னார் என்ற ஒரே ஒரு காரியம்தான் அந்தப் பெண்ணின் முன்னால் அந்த மனிதருக்கு இருந்தது. அதையும் தான் ஒரு சாயங்காலத்தில் அழகான தமிழில் பிடுங்கிவிட்டது கலைச்செல்விக்குப் புரிந்தது.

வாசிப்பு தினமான வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்றார் அவர். அவள் கெஞ்சவில்லை. உங்கள் பக்கத்தை, நீங்கள் எழுதியபடியே வாசித்தால் வருவீர்களா என்று மட்டும் கேட்டாள். அவர் நெடுநேரம் வினாத்தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். “வாசிச்சா வாரேன்,” என்றார். “பொன்னாட வேண்டாம்.”

மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவள் தலைமையாசிரியை அறை வாசலில் நின்றாள். முந்தின இரவெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. தலையும் வாலும் இல்லாமல் சொன்னாள். பத்தியை மாற்றினேன் என்றாள். அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினேன் என்றாள். ஸ்நேகா யார் என்று சொன்னாள். பேச்சு நிற்காமல், சம்பந்தமே இல்லாமல், “எங்கப்பா ஹோட்டல் நடத்தலை டீச்சர். சப்ளையரா இருக்கார்,” என்றாள்.

சுப்புலக்ஷ்மி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அதை இப்போ யாரு கேட்டா உன்னண்டை?”

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் சொல்லிவிட்டாள். சொன்னபிறகும் வெட்கம் குறைந்ததாகத் தெரியவில்லை, இடம்தான் மாறியிருந்தது. முதலில் அப்பாவுக்காக வெட்கப்பட்டாள். இப்போது அப்படி வெட்கப்பட்டதற்காக.

தலைமையாசிரியைக்கு வேறு கவலைகள் இருந்தன. மற்றப் பள்ளிகளுக்கு வினாத்தாள் தபாலில் போய் நாலு நாளாயிற்று. ஏழாம் வகுப்புக் குழந்தைகள் முன்னால் இந்த மாதிரி விஷயத்தை எப்படி வாசிப்பது, பெற்றோர் யாராவது புகார் சொன்னால் தினக்கூலி ஆசிரியைக்குத்தான் முதலில் சீட்டு கிழியும், தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றாள் கலைச்செல்வி. அப்படியென்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டு என்றார் அவர். அவள் பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்தாள்.

வெளியே கஞ்சிப் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. சுப்புலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு மாசமா இந்தப் புஸ்தகம் என் டிராயர்ல கிடந்தது,” என்றார். “நான் திறந்துகூடப் பாக்கலை. அட்டையைப் பாத்துட்டு உன்னண்டை குடுத்தேனாக்கும்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “வாசி. ஆனா நீ என்ன பண்ணினேங்கறதை நீதான் சொல்லணும். நான் எடுத்துச் சொல்லித் தர மாட்டேன், கேட்டியா,” என்றார்.

அன்று முழுவதும் கலைச்செல்வி ஒவ்வொரு பள்ளிக்கும் ஃபோன் செய்தாள். சிலர் இன்னும் தாளைப் பிரிக்கவில்லை. எஸ்டேட் பள்ளி ஆசிரியர் ஷிபு, அங்கே பரீட்சை முடிந்து மார்க்கும் போட்டாயிற்று என்றார். “எல்லாப் பிள்ளையும் மூணாவது கேள்விக்குச் சரியா எழுதிட்டாங்க டீச்சர், நல்ல பேப்பர்,” என்று பாராட்டவும் செய்தார். அவருக்கு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கூரைத் தகடு அதிர மழை பெய்தது. சுடலைக்கண்ணு வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, மேடையில் போட்ட நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கலைச்செல்வி மைக்கின் முன்னால் நின்றாள். தயாரித்து வந்த நாலு வாக்கியங்களில் இரண்டு மறந்துவிட்டன. போன வாரம் நீங்கள் எழுதிய வினாத்தாளில் இருந்த பத்தியை இவர் எழுதவில்லை, நான் எழுதினேன், இவர் எழுதியது வேறு, அதை மறைத்துவிட்டு இவர் பெயரைப் போட்டேன் என்று சொன்னாள். பிறகு புத்தகத்தைத் திறந்து பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்தாள். மழைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ கத்தினார்கள். இன்னொரு முறை, சத்தமாக, முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. ‘இரண்டு வாயும் நானே குடித்தேன்’ என்ற வரியை உரத்த குரலில் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய வரிகூட இல்லை.

வாசித்து முடித்ததும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தட்டலாமா கூடாதா என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏழாம் வகுப்பு மஹேஷ் எழுந்து நின்றான்.

“டீச்சரே, அப்போ நாங்க எழுதினது தப்பா? மார்க் குறையுமோ?”

கூடம் சிரித்தது. கலைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்களுக்குக் குறையாது. தப்பு பத்தியில. ஆனா ஒருத்தி மட்டும்தான் நடந்ததை எழுதியிருந்தா. அவளுக்கு நான் மார்க் போடலை,” என்றாள். பெயரைச் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு வரிசை முழுக்க மூன்றாவது பெஞ்சுக்காரியைத் திரும்பிப் பார்த்தது. சுடலைக்கண்ணு தலை நிமிரவே இல்லை. முழங்கால்மேல் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னாடை போர்த்தவில்லை. எல்லோருக்கும் சாயா கொடுத்தார்கள். சுடலைக்கண்ணு வழக்கம்போல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரில் ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, யாரும் வாய் வைக்கவில்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது. கலைச்செல்வி இரண்டு எட்டு நடந்து அவருக்கு எதிரில் போய் நின்று, தன் டம்ளரைக் குடித்தாள். அவரும் குடித்தார். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

மதியம் ஸ்நேகா தாளோடு மேசைக்கு வந்தாள். கலைச்செல்வி பூஜ்யத்தை அடித்து இரண்டு மதிப்பெண் போட்டாள். சிவப்பு வட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அடித்தால் ‘அப்பா’ என்ற சொல்லையும் சேர்த்து அடிக்க வேண்டும். அப்படியே விட்டாள். ஸ்நேகா தாளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“எழுதித் தாங்க டீச்சரே. அத மாமா எழுதல்லன்னு. நான் போய்ச் சொன்னா அம்மை நம்ப மாட்டா.”

கலைச்செல்வி தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். பத்தி எழுதும்போது வந்த நல்ல தமிழ் இப்போது வரவில்லை. வந்திருந்தாலும் வேண்டாம் என்று இருந்தது. ‘இந்தப் பத்தியைச் சுடலைக்கண்ணு எழுதவில்லை. அவர் உண்மையைத்தான் எழுதியிருந்தார். அதை மாற்றியது நான். அவருக்குத் தெரியாது. ஸ்நேகா எழுதிய விடை சரி.’ கீழே தன் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே, கை பழக்கத்தில், பெற்றோர் கையொப்பம் என்ற முத்திரையைக் குத்திவிட்டாள். குத்தியபிறகுதான் உறைத்தது. அழிக்க வழியில்லை.

திங்கட்கிழமை காலை தாள் திரும்பி வந்தது. முத்திரைக்கு மேலே, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதிய அதே பெயர். வேறு ஒரு சொல்கூட இல்லை.

“அம்மா ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டாள் கலைச்செல்வி.

ஸ்நேகா யோசித்தாள். “ரெண்டு தடவ வாசிச்சா. பின்னே டீச்சருக்கு என்ன வயசுன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“முப்பது இருக்கும்னு சொன்னேன்.”

கலைச்செல்விக்கு இருபத்தேழுதான் நடந்துகொண்டிருந்தது. திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. “அதுக்கு அம்மா?”

“தாள மடிச்சு எடுத்துக்கிட்டு மாமா கடைப் பக்கம் போனா. கொஞ்ச நேரத்துல வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தா.”

அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கக் கலைச்செல்விக்கு நாக்கு வரை வந்தது. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஸ்நேகா ஐ என்று வந்தபோது ஒரு கணம் நின்று, பிறகு முழுதாகக் கூப்பிட்டாள். இசக்கி மகள் ஸ்நேகா. வகுப்பு திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் எழுந்து, எல்லா நாளும் சொல்வது போலவே, பிரசன்ட் டீச்சர் என்றாள்.